முக்கால் இஞ்ச்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு ஒரு சட்டை உண்டு. தடித்த கம்பளித் துணி, உள்ளே மெல்லிய பஞ்சு, பக்கவாட்டில் இரண்டு பொத்தான். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து ஒரு நொடி நிற்பார்கள். "அம்மா தைச்சது" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். சொல்ல ஆரம்பித்தால் நீளும். இன்று நீளட்டும்.

அம்மா தையல்காரி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து முன்னறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டபடிதான் வளர்ந்தேன். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள். இஞ்ச் டேப் எடுப்பதெல்லாம் வந்தவர்களின் திருப்திக்கு. 61 வயதில் ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் மூச்சு வாங்குது" என்றாள். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8. நாங்கள் போன டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்கு மாதம் விழுங்கினாள். ஏறவில்லை. மாதவிடாய் நின்று பத்து வருஷமான பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைகிறது என்றால் ரத்தம் உள்ளே எங்கேயோ கசிகிறதா, குடலில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவத்தில் இது பழைய பாடமாம். எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் பார்க்கவில்லை. அந்த நான்கு மாதத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் கொலனோஸ்கோபி, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற பரிசோதனை, எழுதினார். பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. அந்தப் பக்கம் குடல் அகலம், உள்ளே போவதும் இளகலாக இருக்கும், அதனால் அடைப்போ வலியோ காட்டாமல் கட்டி அது பாட்டுக்குக் கசிந்துகொண்டிருக்கும் என்று விளக்கினார். ஆபரேஷன் நடந்தது. எடுத்த பகுதியோடு வந்த 19 நிணநீர்க் கணுக்களில் இரண்டில் புற்று இருந்தது. கட்டி குடலின் வெளிச்சுவரைத் தாண்டிவிட்டிருந்தது. ஸ்டேஜ் 3பி.

ரிப்போர்ட்டை அப்பா நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இப்ப அவகிட்ட சொல்ல வேணாம்" என்றார். தம்பி போனில், "ஆமாக்கா, உடைஞ்சு போயிடுவா" என்றான். நானும் தலையாட்டினேன். அம்மா கேட்டபோதெல்லாம் "கட்டிதான், எடுத்தாச்சு" என்றோம். 11 நாள் அப்படி ஓட்டினோம். கீமோவுக்கான சம்மதப் படிவத்தை நர்ஸ் நேராக அம்மாவின் கையில் கொடுத்தபோது முடிந்தது நாடகம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். கையெழுத்தைப் போட்டாள். பேனாவை மூடிக்கொண்டே, "ஆபரேஷன் அன்னிக்கே உங்கப்பா மூஞ்சியில படிச்சிட்டேன். நீங்க எப்பத்தான் சொல்றீங்கன்னு பார்த்துட்டு இருந்தேன்" என்றாள்.

அதோடு இந்த வீட்டில் மறைக்கிற வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மருந்துக் கூட்டணியின் பெயர் ஃபால்ஃபாக்ஸ். இரண்டு வாரத்துக்கு ஒரு சைக்கிள், மொத்தம் 12. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். பக்கத்தில் இருந்து எதையும் தூக்கிப்பிடிக்க முடியாத குற்ற உணர்ச்சியை இணையத்தில் படித்துப் படித்துத் தீர்த்துக்கொண்டான். ராத்திரி ஒரு மணிக்கு லிங்க் வரும். "அக்கா, 2018இல ஐடியான்னு ஒரு பெரிய ஆய்வு. ஆறு மாசத்துக்குப் பதிலா மூணு மாசம் போதும்னு போட்டிருக்கு. டாக்டர்கிட்ட கேட்டியா?" எரிச்சலாக இருக்கும். ஆனாலும் கேட்டேன். மூன்று மாதம் போதும் என்பது அபாயம் குறைவாக உள்ளவர்களுக்கு, அதுவும் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும் முறையில்தான் நன்றாகப் பொருந்துகிறது. வெளிச்சுவரைத் தாண்டிய கட்டி என்பதால் அம்மா அந்தப் பட்டியலில் வரமாட்டாள், ஆறு மாதம்தான் என்றார் டாக்டர். கோபப்படாமல், தாளில் படம் போட்டுச் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் முதலில் உயரம், எடை. அம்மா 152 சென்டிமீட்டர், 56 கிலோ. அதை வைத்து உடம்பின் மேற்பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப மருந்து. அம்மாவுக்கு 1.54. ஆக்சாலிபிளாட்டின் ஒரு சதுர மீட்டருக்கு 85 மில்லிகிராம், ஆக 131. இதை நர்ஸ் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாருடி, ஆளைப் போர்த்த எவ்வளவு துணி ஆகும்னு பார்த்துத்தான் இவங்களும் மருந்து வெட்டுறாங்க." அந்த ஆஸ்பத்திரியில் அவள் முதலில் சிரித்தது அப்போதுதான்.

ஆக்சாலிபிளாட்டினில் இருப்பது பிளாட்டினம். 1976இல் ஜப்பானின் நகோயாவில் யோஷினோரி கிதானி என்ற வேதியியலாளர் உருவாக்கியது. கூடவே போகும் 5-எஃப்யூ, 1957இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹைடல்பெர்கர் கொண்டுவந்தது. உபயம்: தம்பி. அம்மாவிடம் சொன்னேன். "என்னைவிட மூத்ததா? அப்ப வேலை தெரிஞ்சதாத்தான் இருக்கும்."

நெஞ்சில் தோலுக்கு அடியில் ஒரு போர்ட் வைத்திருந்தார்கள். அதன் வழியாக இரண்டு மணி நேரம் ஆக்சாலிபிளாட்டின். பிறகு 46 மணி நேரம் மெல்ல மெல்ல இறங்கும் 5-எஃப்யூவை ஒரு பம்ப்பில் நிரப்பி வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். பம்ப் என்றால் மோட்டார், பேட்டரி எதுவும் இல்லை. பால்புட்டி அளவு பிளாஸ்டிக் குப்பி, உள்ளே மருந்து நிரம்பிய பலூன். பலூன் சுருங்கச் சுருங்க மருந்து போகும். சத்தமே கிடையாது, அதனாலேயே ராத்திரி எழுந்து எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன், சுருங்குகிறதா என்று. அவர்கள் கொடுத்த பை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இது என்ன தையல், வாயே மடிக்கல" என்று சொல்லிவிட்டு, தோளில் குறுக்காகப் போடுகிற மாதிரி, குழாய்க்குத் தனியாகக் காஜா எடுத்து, ஒரே மாலையில் புதுப் பை தைத்துவிட்டாள். அடுத்த சைக்கிளில் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் அதைப் பார்த்துக் கேட்க, அவளுக்கும் ஒன்று. அப்படி நான்கைந்து தைத்திருப்பாள்.

குளிரைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். ஆனால் சொல்லிப் புரிகிற விஷயமில்லை அது. முதல் சைக்கிளின் மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜைத் திறக்கப் போய், "ஷாக் அடிக்குது" என்று கத்திவிட்டாள். மின்சாரம் எதுவும் இல்லை. இந்த மருந்து போனவர்களுக்குச் சில நாட்கள் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டால் ஊசிக்கட்டைக் கையில் குத்துகிற மாதிரி இருக்குமாம். குளிர்ந்த தண்ணீர் ஒரு மிடறு போனால் தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி, மூச்சே வராத மாதிரி ஆகும். நிஜமாக அடைப்பதில்லை, ஆனால் அந்த நிமிஷத்தில் அதை யார் நம்புவார்கள்? அப்பா வீடு முழுக்க ஃபிளாஸ்க் வைத்தார். கட்டிலருகே ஒன்று, மெஷினருகே ஒன்று, குளியலறை வாசலில்கூட ஒன்று. அம்மா ஃப்ரிட்ஜுக்குச் சட்டை தைத்தாள்.

அப்பாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பேசத் தெரியாத மனிதர். கீமோ முடிந்து இரண்டு நாளைக்கு நோயாளியின் உடம்பிலிருந்து வெளியேறுவதில் மருந்து கலந்திருக்கும், கழிப்பறையை மூடி போட்டு இரண்டு முறை ஃப்ளஷ் செய்யணும், வாந்தி எடுத்த துணியைக் கையுறை போட்டுத்தான் தொடணும் என்று நர்ஸ் சொன்னாள். மறுநாள் அப்பா கையுறைப் பெட்டியோடு வந்து நின்றார். அந்த வேலையை ஆறு மாதமும் வேறு யாரையும் செய்ய விடவில்லை. ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

நான் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள். எனக்குத் தெரிந்தது நோட்டுப் போடுவதுதான். நீல அட்டை போட்ட 200 பக்க நோட்டு. தேதி, வெப்பநிலை, எடை, வாந்தி எத்தனை முறை, வாந்தி மாத்திரை ஒண்டன்செட்ரான் எப்போது, மலச்சிக்கல் எத்தனை நாள் (அந்த மாத்திரையாலேயே அது வரும்), தூக்கம் எத்தனை மணி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போகும் அன்று ராத்திரி அம்மா தூங்கவே மாட்டாள், விடிய விடிய அலமாரியை அடுக்குவாள். அதையும் எழுதினேன்.

மூன்றாவது சைக்கிளின் ஒன்பதாம் நாள் ராத்திரி காய்ச்சல். அப்பா பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார், பாவம், 40 வருஷமாக அப்படித்தானே. அது காய்ச்சலை மறைக்கும், டாக்டரிடம் பேசாமல் கொடுக்கக் கூடாது என்று சொன்ன அன்று அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் உடம்பு நடுங்குகிறது. 38.6. 38ஐத் தொட்டாலே, ஃபாரன்ஹீட்டில் 100.4, உடனே கிளம்பி வர வேண்டும் என்பது விதி. கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளணுவான நியூட்ரோஃபில் 1,500 இருந்தால்தான் அடுத்த கீமோவே போடுவார்கள். அன்று 400. நாலு நாள் ஆன்டிபயாடிக். எமர்ஜென்சி வார்டில் அவள் தோலின் நிறத்தை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் மாறிவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை தெர்மாமீட்டர். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, சளி உண்டா, இருமல் உண்டா என்று விசாரணை. (அவர்களில் பாதிப் பேர் அம்மாவின் தலையைப் பார்த்து, "முடி அப்படியே இருக்கே, கீமோதானா இது?" என்று கேட்டவர்கள். ஃபால்ஃபாக்ஸில் பெரும்பாலும் முடி அடர்த்தி குறையும், மொத்தமாகக் கொட்டாது. முடி இருந்ததால் அம்மாவின் நோய்மேல் ஊருக்கு நம்பிக்கை வரவில்லை.) அம்மா முகத்தைச் சுளித்தால்கூட நான் டாக்டருக்குப் போன், தம்பிக்கு மெசேஜ், அவனிடமிருந்து மூன்று லிங்க். தும்மினால் மாநாடு.

ஒவ்வொரு சைக்கிளுக்கு முன்பும் நர்ஸ் கேட்பாள்: "கை கால் மரத்துப்போகுதாம்மா?" அம்மா சொல்வாள்: "கொஞ்சம். ரெண்டு நாள்ல சரியாயிடும்." நான் எழுதுவேன்: மரத்தல் – லேசு. ஐந்தாவது சைக்கிள், லேசு. ஆறு, லேசு. ஏழு, லேசு. எட்டு, லேசு.

எட்டாவது முடிந்த வாரம் என் மகளுக்கு அம்மா ஒரு வெள்ளைப் பாவாடை தைத்துக் கொடுத்தாள். துவைக்கப் போட்டபோது ஓரத்தில் மடிப்பு நெடுக, ஒரு விரல் இடைவெளியில், பழுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். துருவோ என்று நினைத்தேன். மெஷின் தையல் இல்லை, கைத்தையல். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ரத்தம்.

மகளைக் கூப்பிட்டேன். ஒன்பது வயசு. பார்த்ததுமே அழுதுவிட்டாள். "பாட்டி சொல்லக் கூடாதுன்னா. நான்தான் தினமும் ஊசியில நூல் கோர்த்துக் கொடுப்பேன். பாட்டிக்கு ஊசி கையில இருக்கா இல்லையான்னே தெரியலைம்மா. குத்தினாலும் தெரியல."

நேராக முன்னறைக்குப் போனேன். போன வேகத்தில் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நியூட்ரோஃபில், இன்ஃபெக்‌ஷன், பொறுப்பு என்றெல்லாம் ஏதோ. அம்மா மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. நான் ஓய்ந்ததும் சொன்னாள்:

"சொன்னா அந்த மருந்தை நிறுத்திடுவாங்கடி. உன் தம்பி மூணு மாசமா ஆறு மாசமான்னு அன்னிக்கு எவ்வளவு பேசினான், கேட்டுட்டுத்தானே இருந்தேன். நிறுத்தினா உங்க மூஞ்சியைப் பார்க்க முடியாது என்னால."

கொஞ்சம் கழித்து, "டாக்டர்கிட்ட சொல்ல எனக்குப் பயமில்லை. உன் நோட்டுதான் பயமா இருக்கு" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் 11 நாள் மறைத்தோம், அவள் இரண்டு மாதம் மறைத்திருக்கிறாள், கணக்கு அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் கோபத்தைவிட வெட்கமாக இருந்தது. அத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், அவள் விரலை ஒரு முறை பிடித்துப் பார்க்கவில்லை. அன்று பிடித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் காய்ந்த காயம். பிரித்த தையல் மாதிரி.

நோட்டை அவள் மடியில் வைத்தேன். "இனிமே நீயே எழுது. நான் கேட்டாத்தான் காட்டணும்னு இல்லை, கேட்டாலும் காட்ட வேணாம். டாக்டருக்கு மட்டும் காட்டு."

இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் இஞ்ச் டேப்பை எடுத்தாள்.

டாக்டரிடம் போனபோது அம்மா தானே நோட்டைத் திறந்து நீட்டினாள். எழுத்து கோணலாக இருந்தது, பேனாவும் ஊசி மாதிரிதானே. வலது கட்டைவிரல், நுனியிலிருந்து அரை இஞ்ச். ஆள்காட்டி, முக்கால் இஞ்ச். நடுவிரல், முக்கால். இடது கை எல்லாம் அரை. கால் விரல்கள் முழுக்க, பாதத்தில் இரண்டரை. சைக்கிள் முடிந்து பத்து நாளாகியும் குறையவில்லை. டாக்டர் அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். பொதுவாக நோயாளிகள் "கொஞ்சம்", "ரொம்ப" என்றுதான் சொல்வார்கள், அதனால் பொத்தான் போட முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் தரம் பிரிப்போம் என்றார். "அளந்து கொண்டுவந்தது நீங்கதாம்மா."

ஆக்சாலிபிளாட்டின் அன்றோடு நின்றது. இந்த நரம்புப் பாதிப்பு மொத்த அளவு கூடக் கூட ஏறுவது, இப்போது நிறுத்தாவிட்டால் திரும்பாமலே போகலாம், எட்டு முறை போனதே பெரும்பங்கு, மீதி நான்குக்கும் 5-எஃப்யூ மட்டும் தொடரும் என்று டாக்டர் சொன்னபோது அம்மா அவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நான் எப்படி வைத்துக்கொண்டேனோ தெரியாது. வெளியே வந்ததும் தம்பிக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவன் ஒரு லிங்க்கும் அனுப்பவில்லை. "அம்மா, நானும் ஊசி கோர்க்கக் கத்துக்கிறேன்" என்றான். இரண்டு பேரும் அழுதார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில், ஸ்பீக்கரில்.

நிறுத்திய பிறகும் மரத்தல் இரண்டு மூன்று மாதம் கூடிக்கொண்டே போகலாம், பயப்படக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கூடியது. ஆள்காட்டி ஒன்றேகால் இஞ்ச் வரை போனது. மெஷின் மிதியைக் கால் உணராமல், குனிந்து காலைப் பார்த்துப் பார்த்து மிதித்தாள். ஊசி கோர்க்கிற கம்பி வளையம் ஒன்று என் மகள் வாங்கிவந்தாள். அம்மா அதைக் கொஞ்ச நாள் அவமானமாக நினைத்தாள், பிறகு கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொண்டாள்.

இப்போது சிகிச்சை முடிந்து 14 மாதம். புற்று திரும்புகிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனை. அடுத்தது வரும் வியாழன். அதற்கு முந்தைய வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை, அப்பா காரணமில்லாமல் ஃபிளாஸ்க்குகளைக் கழுவுவார். நான் தெர்மாமீட்டரை எடுத்து, எடுத்தது தெரியாமல் திரும்ப வைப்பேன்.

குளிர் இப்போது அம்மாவை ஒன்றும் செய்வதில்லை. ஃப்ரிட்ஜ் சட்டையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "அழுக்காயிடுச்சு, வேற தைக்கணும்" என்று சொல்லிக் கைப்பிடியை அளக்கப் போய்விட்டாள். அளவுகளை எழுத அவள் எடுத்தது அந்த நீல அட்டை நோட்டு. காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. மேஜையில் திறந்தபடி கிடந்தது.

வலது ஆள்காட்டி – கால் இஞ்ச்.
பாதம் – ஒன்றரை.
கைப்பிடி – நீளம் பதினொண்ணரை, சுற்றளவு நாலே முக்கால். பொத்தான் மூணு.